முதல் கேரக்டர் ஷீட்: ஆறு ஸ்டாட்ஸை நிரப்பப் போகிறவர்களுக்கு

வேளச்சேரியில் நண்பர் ஒருவர் வீட்டு மாடி அறை. மேசையைச் சுற்றி ஆறு பேர். ஆளுக்கு ஒரு கற்பனைக் கேரக்டராக மாறி, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட நான் உட்கார்ந்த முதல் சனிக்கிழமை அது. பூட்டிய கதவு ஒன்றை என் கேரக்டர் தோளால் இடிக்க வேண்டும். இருபது முகப் பகடையை உருட்டினேன், 12 விழுந்தது. கேரக்டரின் விவரங்களை எழுதும் ஷீட்டில், உடல் பலத்தைக் குறிக்கும் ஸ்ட்ரெங்த்துக்கு நேரே 16 என்று எழுதியிருந்தேன். இரண்டையும் கூட்டி, "இருபத்தெட்டு அண்ணா" என்றேன்.

கதையை நடத்திக்கொண்டிருந்த அண்ணா என் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். "பதினாறைக் கூட்டக் கூடாதுப்பா. பதினாறுன்னா மூணு. அந்த மூணைத்தான் கூட்டணும். பதினஞ்சு வந்திருக்கு, போதும், கதவு உடைஞ்சுடுச்சு."

கதவு உடைந்தது. ஆனால் பதினாறு எப்படி மூன்றானது, மூன்றைத்தான் கூட்ட வேண்டுமென்றால் பதினாறை ஏன் எழுதினோம் என்பதெல்லாம் எனக்குப் புரிய நான்கு செஷன்கள், அதாவது நான்கு முறை கூடி ஆடுவது, தேவைப்பட்டன. வாரம் ஒரு செஷன் என்றால் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தை நீங்கள் கதையை ரசிப்பதில் செலவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் எல்லாம் முடிந்துவிடும்.

1. பென்சிலை எடுக்கும் முன் டிஎம்மிடம் மூன்று கேள்விகள்

கதையை நடத்துபவரை டிஎம் என்போம். செஷனுக்கு மூன்று நாள் முன்பே அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். கேட்க வேண்டியவை: 2014 விதிகளா, 2024 விதிகளா? ஸ்டாட்ஸை, அதாவது கேரக்டரின் ஆறு திறன்களுக்கான எண்களை, பகடை உருட்டி எடுப்பதா, புள்ளி கொடுத்து வாங்குவதா? எந்த லெவலில், அதாவது கேரக்டரின் எந்த அனுபவப் படியில், தொடங்குகிறோம்?

முதல் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டுமே ஐந்தாம் பதிப்புதான், ஷீட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் 2014 விதிகளில் ஸ்டாட்ஸுக்கான கூடுதல் புள்ளிகளைத் தருவது கேரக்டரின் இனம். 2024 விதிகளில் தருவது அதன் பின்னணி, அதாவது சாகசத்துக்குக் கிளம்பும் முன் அது என்ன வேலை பார்த்தது என்பது. நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய புத்தகத்தையும் இணையத்தில் கிடைத்த புதிய விதிகளையும் சேர்த்துப் படித்துவிட்டு, இரண்டு இடத்திலிருந்தும் போனஸ் எடுத்துக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செஷன் அன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்து எழுத அரை மணி நேரம் போய்விடும்.

2. கையில் இருக்க வேண்டியவையும் செலவும்

விதிப்புத்தகத்தை உடனே வாங்காதீர்கள். இறக்குமதிப் புத்தகம், விலை ஆயிரக்கணக்கில் போகும். அடிப்படை விதிகள் சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் என்ற பெயரில் பிடிஎஃப்பாக, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 5.1 என்பது 2014 விதிகளைச் சேர்ந்தது. 2025ல் வந்த 5.2 என்பது 2024 விதிகளைச் சேர்ந்தது, கேரக்டர் உருவாக்கும் முறையும் அதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்பதால் போனிலேயே படியுங்கள், பிரிண்ட் போட வேண்டாம்.

பிரிண்ட் போட வேண்டியது கேரக்டர் ஷீட் ஒன்றுதான். அதுவும் இலவச பிடிஎஃப். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நான் ஒரு பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்தேன். இரண்டு பிரதி எடுங்கள், முதல் பிரதி கண்டிப்பாக அழித்து அழித்துக் கிழியும். பேனா வேண்டாம், பென்சிலும் ரப்பரும் போதும்.

பகடைகள் ஏழு கொண்ட ஒரு செட்டாக ஆன்லைனில் கிடைக்கும். என்னுடைய பிளாஸ்டிக் செட் 350 ரூபாய். அந்தச் செட்டில் ஆறு முகப் பகடை ஒன்றுதான் இருக்கும். ஸ்டாட்ஸை உருட்டி எடுப்பதானால் நான்கு தேவை. வீட்டில் கிடக்கும் லூடோ, பரமபத டப்பாக்களைத் திறந்து பாருங்கள், தேறிவிடும். தாயக்கட்டைக்கு நான்கு பக்கம்தான் என்பதால் இதற்கு உதவாது. எதுவுமே இல்லை என்றாலும் கவலை வேண்டாம், போனில் பகடை உருட்டும் செயலிகள் இலவசம்.

3. ஆறும் என்னென்ன

ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா. மேசையில் எல்லோரும் ஸ்ட்ரெங்த், டெக்ஸ், கான், இன்ட், விஸ், கரிஸ்மா என்றுதான் சொல்வார்கள்.

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது ஸ்ட்ரெங்த். கூட்டமான பேருந்தின் படிக்கட்டில் கால் வழுக்காமல் நிற்பது டெக்ஸ். கத்திரி வெயிலில் நாள் முழுக்க அலைந்துவிட்டு மறுநாளும் எழுந்து வேலைக்குப் போவது கான். ஆட்டோக்காரரிடம் பேசி, அவரும் மனம் கோணாமல் கட்டணத்தைக் குறைப்பது கரிஸ்மா. அழகுக்கும் கரிஸ்மாவுக்கும் சம்பந்தமில்லை. பேச்சும், ஆளுமையும், தன்மேல் இருக்கும் நம்பிக்கையும்தான் கரிஸ்மா.

எல்லோரும் குழம்புவது இன்ட், விஸ் இரண்டிலும்தான். 29சி பேருந்து பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வரிசையாகச் சொல்வது இன்ட். அதே பேருந்தில் பின்னால் நிற்பவரின் கை உங்கள் பைக்குள் நுழைவதை உணர்வது விஸ். படித்தது, நினைவில் இருப்பது, துப்புகளைக் கோத்துப் பார்ப்பது எல்லாம் இன்ட். கண், காது, எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று மனதில் படுவது எல்லாம் விஸ். விஸ்டம் என்ற பெயரைப் பார்த்து ஞானம் என்று எடுத்துக்கொண்டு, படித்த மேதையாக நினைத்த கேரக்டருக்கு விஸ்ஸில் பெரிய எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

4. ஸ்கோர் வேறு, மாடிஃபையர் வேறு

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஸ்கோர், தொடக்கத்தில் பெரும்பாலும் 8 முதல் 17 வரை இருக்கும். மற்றது மாடிஃபையர், பகடையோடு கூட்டுவது இதைத்தான். ஸ்கோரில் 10ஐக் கழியுங்கள், பாதியாக்குங்கள், பின்னம் வந்தால் கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்குங்கள். 10, 11 என்றால் 0. 12, 13 என்றால் +1. 14, 15 என்றால் +2. 16, 17 என்றால் +3. 18க்கு +4, 20க்கு +5. கீழே இறங்கினால் 8, 9 இரண்டுக்கும் -1.

டிஎம் ஒரு இலக்கு எண் வைப்பார். சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. இருபது முகப் பகடையோடு மாடிஃபையரைக் கூட்டி அந்த எண்ணை எட்டினால் வெற்றி. இலக்கு 15, உங்கள் மாடிஃபையர் +3 என்றால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 45 சதவீத வாய்ப்பு. மாடிஃபையர் -1 என்றால் 16 வேண்டும், வாய்ப்பு 25 சதவீதம். மாடிஃபையரில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் உங்கள் கேரக்டர் பயிற்சி பெற்றிருந்தால் முதல் நான்கு லெவல் வரை இன்னொரு +2 சேரும்.

இப்போது மேலே உள்ள எண்களை மறுபடி பாருங்கள். 12க்கும் 13க்கும் ஒரே மாடிஃபையர். 14க்கும் 15க்கும் ஒன்றே. ஒற்றைப்படை எண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் கடைசிப் புள்ளி, அந்த நேரத்தில் பகடைக்கு ஒன்றுமே தராது. இது பின்னால் பணம் மாதிரி கணக்கில் வரும்.

5. எண்களை எங்கிருந்து எடுப்பது

மூன்று வழிகள் உண்டு. முதல் வழியில் 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்களைத் தயாராகக் கொடுத்துவிடுவார்கள், எதை எங்கே போடுவது என்பது மட்டும் உங்கள் முடிவு. ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, உருட்டுவது. நான்கு ஆறு முகப் பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். இப்படி ஆறு முறை. சராசரி 12ஐச் சற்றுத் தாண்டும். உற்சாகமான முறைதான், ஆனால் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்தில் இருப்பவருக்கு 18ம் 17ம் விழுந்து உங்களுக்கு 11க்கு மேல் ஏறவே இல்லை என்றால், மாதக்கணக்கில் அந்த வித்தியாசத்தோடு ஆட வேண்டும். உருட்டத்தான் வேண்டும் என்று குழு முடிவு செய்தால் டிஎம் முன்னால் உருட்டுங்கள். வீட்டில் உருட்டி எழுதி வந்தால் நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் சங்கடம்தான்.

மூன்றாவது, 27 புள்ளிகளைச் செலவழித்து வாங்குவது. எல்லா ஸ்டாட்டும் 8ல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு புள்ளிகள். ஆக 13ன் விலை 5, 14ன் விலை 7, 15ன் விலை 9. போனஸ் சேரும் முன் 15க்கு மேல் வாங்க முடியாது.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எந்தப் பாடத்திலும் ஃபெயில் ஆகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். 13, 13, 13, 12, 12, 12 என்று வாங்குவோம். கணக்கும் சரியாக 27 வரும். ஆறிலும் +1, எதிலும் குறை இல்லை. ஆனால் மேசையில் உங்களோடு நான்கைந்து பேர் இருக்கிறார்கள். பூட்டைத் திறக்க ஒருவர், பேச ஒருவர், அடிக்க ஒருவர். எல்லாவற்றிலும் +1 இருப்பவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. இது மார்க் ஷீட் இல்லை. 8 என்று ஒன்று இருக்கட்டும், அந்த வேலைக்கு வேறொருவர் முன்னே வருவார்.

6. பெரிய எண் எங்கே, 8 எங்கே

முதலில் கேரக்டரின் தொழிலை, அதாவது கிளாஸை முடிவு செய்யுங்கள். மந்திரம் படித்த விஸார்டுக்கு இன்ட். பூட்டுத் திறக்கும் தந்திரக்காரரான ரோக்குக்கு டெக்ஸ். தெய்வ அருளால் மந்திரம் செய்யும் கிளெரிக், இயற்கையின் சக்தியால் செய்யும் ட்ரூயிட் இருவருக்கும் விஸ். பாட்டால் மந்திரம் செய்யும் பார்ட், பிறவி மந்திரவாதியான சோர்சரர், வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் போட்ட வார்லாக் மூவருக்கும் கரிஸ்மா. ஆவேசமாக அடிக்கும் பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த். போர்வீரரான ஃபைட்டர் வாளைத் தூக்கினால் ஸ்ட்ரெங்த், வில்லைத் தூக்கினால் டெக்ஸ். மாங்க், பாலடின், ரேஞ்சர் மூவருக்கும் இரண்டு ஸ்டாட் பெரிதாக வேண்டும் என்பதால் முதல் கேரக்டருக்கு அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பெரிய எண்ணைத் தொழிலுக்குக் கொடுத்த பின் அடுத்தது கான். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, அனுபவத்தில் வந்தது. என் இரண்டாவது கேரக்டர் ஒரு விஸார்ட். மந்திரவாதிக்கு உடம்பு எதற்கு என்று கானுக்கு 8 போட்டேன். கேரக்டர் எவ்வளவு அடி தாங்கும் என்பதுதான் உயிர்ப்புள்ளி. முதல் லெவலில் விஸார்டின் உயிர்ப்புள்ளி 6ம் கான் மாடிஃபையரும் சேர்ந்தது. எனக்கு 6ல் ஒன்று போய் 5. முதல் சண்டையிலேயே காப்ளின் என்ற ஒரு குட்டி அரக்கன் வந்தது. 2014 விதிகளின்படி அதன் வாள் ஒரு ஆறு முகப் பகடையும் 2ம் சேர்ந்த அடி அடிக்கும். பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் என் கேரக்டர் சாய்ந்துவிடும், அதாவது ஆறில் நான்கு வாய்ப்பு. நான்கு விழுந்தது. மற்றவர்கள் சண்டையை முடிக்கும் வரை ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கான் 14 என்று இருந்திருந்தால் உயிர்ப்புள்ளி 8 ஆகியிருக்கும். பகடையில் 6 விழுந்தால் மட்டுமே சாய்வேன். ஆறில் ஒன்று.

எந்தத் தொழிலாக இருந்தாலும் கானில் 8 போடாதீர்கள். டெக்ஸிலும் விஸ்ஸிலும் கொஞ்சம் யோசியுங்கள். பொறியிலிருந்து குதித்துத் தப்புவது, விஷத்தைத் தாங்குவது, மனதை மயக்கும் மந்திரத்தை எதிர்ப்பது என்று டிஎம் அதிகமாக உருட்டச் சொல்வது டெக்ஸ், கான், விஸ் மூன்றுக்கும்தான். எட்டை வைக்கப் பாதுகாப்பான இடம், வாள் தூக்காதவருக்கு ஸ்ட்ரெங்த், பேச்சாளர் வேறொருவர் இருந்தால் கரிஸ்மா, விஸார்ட் அல்லாதவருக்கு இன்ட். ஸ்ட்ரெங்த் 8 என்றால் எதையும் தூக்க முடியாதே என்று பயப்படத் தேவையில்லை. ஸ்கோரை 15ஆல் பெருக்கினால் எத்தனை பவுண்ட் சுமக்கலாம் என்று வரும். 120 பவுண்ட், சுமார் 54 கிலோ. இரண்டு தண்ணீர் கேன் தாராளமாகத் தூக்கலாம்.

கனத்த கவசம் போடும் ஃபைட்டருக்கு ஒரு எச்சரிக்கை. செயின் மெயில் என்ற இரும்பு வளையக் கவசம் போட்டால் தற்காப்பு எண், அதாவது உங்களைத் தாக்க எதிரி எட்ட வேண்டிய எண், 16. அதில் டெக்ஸ் சேராது. ஆனால் ஸ்ட்ரெங்த் 13 இல்லையென்றால் நடை 10 அடி குறைந்துவிடும்.

7. போனஸ் புள்ளிகளை வீணாக்காமல் சேர்ப்பது

2024 விதிகளில் பின்னணி மூன்று ஸ்டாட்ஸைச் சொல்லும். அவற்றில் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1 தரலாம், அல்லது மூன்றுக்கும் ஒவ்வொன்று தரலாம். ஒரு விஸார்டை வைத்துப் பார்ப்போம். இன்ட் 15, கான் 14, டெக்ஸ் 14, விஸ் 12, ஸ்ட்ரெங்த் 8, கரிஸ்மா 8. விலை 9, 7, 7, 4, மொத்தம் 27. பின்னணி சேஜ், அதாவது அறிஞர், என்று எடுத்தால் போனஸ் கான், இன்ட், விஸ் மூன்றுக்குள் போக வேண்டும்.

கை தானாக என்ன செய்யும்? முக்கியமான ஸ்டாட் இன்ட் என்பதால் அதற்கு 2, கானுக்கு 1. இன்ட் 17, கான் 15. மாடிஃபையர் +3, +2. இப்போது மாற்றிப் போடுங்கள். இன்டுக்கு 1, கானுக்கு 2. இன்ட் 16, கான் 16. மாடிஃபையர் +3, +3. அதே மூன்று புள்ளிகள்தான், உயிர்ப்புள்ளி ஒன்று கூடுதல். எழுதிய ஒவ்வொரு ஒற்றைப்படை எண்ணையும் இப்படி ஒரு முறை விசாரியுங்கள். நான்காம் லெவலில் ஒன்று கூட்டி 18 ஆக்கப் போகிறேன் என்று திட்டம் இருந்தால் 17 சரி. திட்டம் இல்லாத 17 வேண்டாம்.

8. மற்ற கட்டங்கள்

மேலே சொன்ன விஸார்டுக்கே நிரப்பலாம். உயிர்ப்புள்ளி 6+3, ஆக 9. கவசம் இல்லாத தற்காப்பு எண் 10+2, ஆக 12. சண்டையில் யார் முந்துவது என்பதற்கு டெக்ஸ் மாடிஃபையர், +2. எதிரி உங்கள் மந்திரத்திலிருந்து தப்ப எட்ட வேண்டிய எண், 8ம் பயிற்சி 2ம் இன்ட் 3ம் சேர்ந்து 13. பகடை உருட்டாமலே சுற்றி நடப்பதைக் கவனிக்கும் எண், 10ம் விஸ் மாடிஃபையர் 1ம் சேர்ந்து 11. கவனிப்பதில் பயிற்சி இருந்தால் இன்னும் 2.

இவற்றையெல்லாம் தானே கணக்கிடும் செயலிகள் இருக்கின்றன. முதல் கேரக்டரை மட்டும் தாளில் கையால் போடுங்கள். எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கைபட்டால் பிறகு மறக்காது. நேரம், முதல் முறை ஒன்றரை மணி. அடுத்த முறை அரை மணி.

9. நான்காம் லெவல்

ஸ்டாட்ஸைக் கூட்ட முதல் வாய்ப்பு நான்காம் லெவலில். ஒன்றில் 2, அல்லது இரண்டில் ஒவ்வொன்று. 20க்கு மேல் போகாது. கான் மாடிஃபையர் ஏறினால் முந்தைய லெவல்களுக்கும் சேர்த்து உயிர்ப்புள்ளி ஏறும். நான்காம் லெவலில் ஏறினால் 4 புள்ளி. பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள், சரிபாருங்கள்.

10. மேசை மாறினால் கணக்கும் மாறும்

கால் ஆஃப் துலூ என்ற வேறொரு கதை விளையாட்டை ஆடும் குழுவில் உட்கார்ந்தால் மேலே படித்ததைத் தலைகீழாக்க வேண்டும். அங்கே ஸ்டாட்ஸ் நூறுக்கு இத்தனை என்று இருக்கும். நூறு வரை போகும் பகடையில் உங்கள் எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் வெற்றி, கடினமான வேலைக்கு அதில் பாதிக்குள் விழ வேண்டும். பெரிய எண் விழுந்து கைதட்டினால் அங்கே தோல்வி என்று அர்த்தம். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பின் 2023 திருத்தத்தில் ஸ்கோரையே எடுத்துவிட்டார்கள், மாடிஃபையர் மட்டும்தான். அதனால் போகும் முன்பே எந்த விளையாட்டு என்று கேளுங்கள்.

11. ஆடும் நாள்

செஷன் மூன்று, நான்கு மணி நேரம் போகும். கால் மணி முன்னதாகப் போய் டிஎம்மிடம் ஷீட்டைக் காட்டுங்கள். தவறு இருந்தால் அப்போதே திருத்திக்கொள்ளலாம். ஆடும்போது "பெர்சுவேஷன் உருட்டட்டுமா" என்று, பேசி இணங்க வைக்கும் திறமையின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், கேரக்டர் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சொல்லுங்கள். எந்த ஸ்டாட்டை உருட்டுவது என்று டிஎம் சொல்வார். ஒரே கதவை இடித்தால் ஸ்ட்ரெங்த், பூட்டை நெம்பினால் டெக்ஸ், காவலாளியிடம் பேசித் திறக்க வைத்தால் கரிஸ்மா. உங்கள் 8ஐத் தவிர்த்து 16ஐப் பயன்படுத்தும் வழி நீங்கள் கதையைச் சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது.

இரண்டு செஷன் ஆடிய பிறகு எண்களை இடம் மாற்றிப் போட்டிருக்கலாம் என்று தோன்றினால் தயங்காமல் டிஎம்மிடம் கேளுங்கள். என் டிஎம் ஒப்புக்கொண்டார், கான் 8 அன்றைக்குத்தான் 14 ஆனது. கதை அதிக தூரம் போகும் முன் கேட்பதுதான் நல்லது.

வீடு திரும்பும் முன் ஷீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆடப் போவதானால் ஷீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கவரும் போடுங்கள். ஒரு நவம்பரில் விஜயநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போன பத்து நிமிடத்தில் பைக்குள் இருந்த ஷீட் ஊறிப்போய், ஆறு மாதக் கேரக்டரை நினைவிலிருந்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.